பெரிய கோப்பு எந்த வாசலில் நின்றுவிடுகிறது?

திருநெல்வேலியில் வக்கீலாக இருக்கும் என் அத்தான், அலமாரிகளில் அடைந்து கிடக்கும் வழக்குக் கட்டுகளையெல்லாம் கணினிக்குள் கொண்டுவந்துவிடுவது என்று சென்ற ஆண்டு முடிவெடுத்தார். ஒரு பழைய கணினியை சர்வராக மாற்றி, இலவசமாகக் கிடைக்கும் ஓர் ஆவண மேலாண்மை மென்பொருளை அதில் நிறுவிக் கொடுத்தது நான்தான். முதல் வாரம் தொல்லை இல்லை. வக்காலத்து, நோட்டீஸ், இரண்டு பக்க மனு என்று சிறு காகிதங்கள் ஏறிக்கொண்டே இருந்தன. பிறகு ஒரு நாள் குமாஸ்தா 212 பக்கமுள்ள பாகப்பிரிவினை வழக்குக் கட்டு ஒன்றை ஒரே பிடிஎஃப்பாக ஸ்கேன் செய்து ஏற்றினார். அதன் அளவு 174 எம்பி. பச்சைக் கோடு முழுதாக ஓடி முடிந்தது. பக்கம் ஒருமுறை கண்சிமிட்டிவிட்டுக் காலிப் படிவத்தைக் காட்டியது. அவர் தட்டச்சு செய்திருந்த தலைப்பைக் காணவில்லை, குறிப்பைக் காணவில்லை, கோப்பையும் காணவில்லை. தவறு நடந்தது என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை.

மூன்று முறை முயன்றுவிட்டு எனக்குப் போன் செய்தார். "தம்பி, உங்கள் சர்வர் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு ஏப்பம்கூட விடமாட்டேன் என்கிறது."

அந்த மௌனத்துக்குக் காரணம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன், ஒரு கோப்பு உங்கள் கணினியிலிருந்து ஆவணக் கிடங்குக்குள் போகும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் வரும் சாலையில் ரயில்வே பாலத்துக்கு முன்னால் ஓர் உயரத் தடுப்பு. நகராட்சி எல்லையில் இன்னொன்று. கிடங்கு வாசலில் மூன்றாவது. ஒவ்வொன்றையும் வைத்தவர் வேறு, உயரமும் வேறு. இருப்பதிலேயே தாழ்வான தடுப்பு எதுவோ அதுதான் லாரியின் கதியைத் தீர்மானிக்கும். மற்ற இரண்டையும் வானம்வரை உயர்த்தினாலும் பயனில்லை. பதிவேற்ற வரம்பும் இப்படித்தான். மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் 500 எம்பி என்று எழுதிவிட்டு, "மாற்றிவிட்டேனே, இன்னும் ஏறவில்லையே" என்று தலையைச் சொறிபவர்கள் எல்லாரும் மூன்றாவது தடுப்பை மட்டும் உயர்த்தியவர்கள்.

வழியில் என்னென்ன தடுப்புகள்? பிரவுசரிலிருந்து கிளம்பும் கோப்பு, சில நிறுவனங்களில் முதலில் கிளவுட்ஃபிளேர் போன்ற ஓர் இணையக் காவல் சேவையைக் கடக்கிறது. அடுத்தது என்ஜின்எக்ஸ், அப்பாச்சி, ஐஐஎஸ் போன்ற வெப் சர்வர், அதாவது பிரவுசரின் கோரிக்கைகளை வாங்கிப் பதில் அனுப்பும் மென்பொருள். அதன் பின்னால் மென்பொருள் எழுதப்பட்ட மொழி, பெரும்பாலும் பிஎச்பி. அதற்கும் பின்னால்தான் நீங்கள் திரையில் பார்க்கும் ஆவண மென்பொருள். கடைசியாக, கோப்பு தங்கும் வன்தட்டு அல்லது தரவுத்தளம். ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு உண்டு.

வரம்பு வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. வருவது எவ்வளவு பெரிது என்று பார்க்காமல் வாங்கிக்கொள்ளும் சர்வரை, யாரோ ஒருவர் ஐம்பது ஜிபி குப்பையை அனுப்பி ஒரே இரவில் நிரப்பிவிடலாம். அதனால் நிறுவும்போதே எல்லாரும் ஒரு சிறிய எண்ணை வைத்துக் கொடுக்கிறார்கள். தேவைப்பட்டால் கூட்டிக்கொள் என்பது ஏற்பாடு. கூட்ட வேண்டும் என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

அந்தச் சிறிய எண்கள்தாம் நமக்குத் துப்பு. கைரேகையைப் போல ஒவ்வொருவருக்கும் ஒரு தனி எண். என்ஜின்எக்ஸ் எதுவும் மாற்றாத நிலையில் 1 எம்பிக்கு மேல் வாங்காது. பிஎச்பியில் இரண்டு எண்கள்: ஒரு தனிக் கோப்பு 2 எம்பி, படிவம் முழுவதும் சேர்ந்து 8 எம்பி. மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் 3 கோடி பைட், அதாவது ஏறத்தாழ 28.6 எம்பி; அதன் மேல் மைக்ரோசாஃப்டின் பழைய ஏஎஸ்பி டாட் நெட் கட்டமைப்பில் எழுதிய மென்பொருள் ஓடினால் 4 எம்பி. கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டத்தில் 100 எம்பி. அப்பாச்சி நீண்ட காலம் வரம்பே வைக்காமல் இருந்தது, 2.4.54 பதிப்பிலிருந்து 1 ஜிபி.

ஆகவே சிக்கல் வந்தவுடன் அமைப்புக் கோப்புகளைத் திறந்து கண்டபடி மாற்றத் தொடங்காதீர்கள். வெவ்வேறு அளவில் ஏழெட்டுக் கோப்புகளைத் தயார் செய்து ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். 900 கேபி போகிறது, 1.2 எம்பி நிற்கிறது என்றால் என்ஜின்எக்ஸ். 1.9 போகிறது, 2.1 நிற்கிறது என்றால் பிஎச்பி. 28 போய் 29 நின்றால் ஐஐஎஸ். பத்து நிமிட வேலை, அரை நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

மறுக்கும் விதமும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். கோப்பைத் தேர்ந்தெடுத்த உடனேயே, ஒரு பைட்கூடப் போகாத நிலையில், மென்பொருளின் சொந்த நிறத்திலும் எழுத்திலும் "கோப்பு பெரிது" என்று செய்தி வந்தால் தடுப்பு மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளைப் பக்கத்தில் 413 என்ற எண் (அனுப்பியது மிகப் பெரிது என்பதன் குறி) மட்டும் வந்தால் அது வெப் சர்வர் அல்லது அதற்கும் முன்னால் இருக்கும் காவல் சேவை. பக்கத்தின் அடியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சில சமயம் அந்த 413கூடக் கண்ணில் படாமல் இணைப்பு அறுந்துவிட்டதாகப் பிரவுசர் சொல்லும். சர்வர் மறுப்பைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தும்போது பிரவுசர் இன்னும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மறுப்பைக் காதில் வாங்கும் நிலையில் அது இல்லை. ஐஐஎஸ் செய்யும் வேடிக்கை வேறு வகை. அளவு மீறினால் 404 என்று சொல்லும், உள்குறிப்பில் 13 என்ற துணை எண்ணோடு. 404 என்றால் பக்கம் காணவில்லை என்றுதானே எல்லாருக்கும் தெரியும்? காணாத பக்கத்தைத் தேடி நாள் முழுவதும் அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது குமாஸ்தாவின் காலிப் படிவத்துக்கு வரலாம். படிவம் முழுவதற்குமான 8 எம்பி வரம்பை மீறிய ஒன்று வந்தால், பிஎச்பி அதில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எறிவதில்லை. கோப்பு, தலைப்பு, குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கைவிட்டு, மென்பொருளிடம் வெறும் பையைக் கொடுக்கிறது. மென்பொருளின் பார்வையில் யாரோ ஒன்றும் எழுதாத படிவத்தை அனுப்பியிருக்கிறார்கள். அதனால் அதுவும் நாகரிகமாகப் புதுப் படிவத்தை நீட்டுகிறது. இன்னும் சில மென்பொருள்கள் "உங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது" என்றோ "பாதுகாப்புக் குறியீடு பொருந்தவில்லை" என்றோ சொல்லும். படிவத்தோடு ஒளிந்து வரும் பாதுகாப்புக் குறியீடும் அந்தப் பையோடு போய்விட்டதுதான் காரணம். பெரிய கோப்பை ஏற்றும்போது மட்டும் இந்தச் செய்தி வந்தால், மறுபடி உள்நுழைந்து பார்ப்பதில் பயனில்லை.

காரணம் தெரிந்தது. இனி வழிகள். லாரிக்காரருக்கு உள்ள வழிகள்தாம் நமக்கும்: தடுப்பை உயர்த்தலாம், வைக்கோலை அழுத்திக் கட்டலாம், பல நடையாகக் கொண்டுவரலாம், வேறு சாலையில் வரலாம்.

தடுப்பை உயர்த்துவது உங்கள் கையில் சர்வர் இருந்தால்தான் முடியும். பிஎச்பியின் அமைப்புக் கோப்பில் அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ், போஸ்ட் மேக்ஸ் சைஸ் என்று இரண்டு வரிகள் இருக்கும். என்ஜின்எக்ஸில் கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ். இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். கோப்பில் ஆங்கிலத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடுடன் இருக்கும். தனிக் கோப்புக்கு 100 எம்பி என்றால் படிவத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, 110 என்று வையுங்கள், ஏனென்றால் கோப்போடு தலைப்பும் குறிப்பும் பயணம் செய்கின்றன. வெப் சர்வருக்கும் அதே 110.

இதில் புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு, நானும் விழுந்திருக்கிறேன். பிஎச்பியில் அளவைக் குறிக்க எண்ணுக்குப் பின்னால் எம் என்ற ஒற்றை எழுத்து மட்டுமே வர வேண்டும். கூடவே பி என்ற எழுத்தையும் சேர்த்து 100 எம்பி என்று முழுமையாக எழுதினால் கடைசி எழுத்து அதற்குப் புரியாது. வெறும் 100 பைட் என்று எடுத்துக்கொள்ளும். வரம்பைக் கூட்டப் போய் ஒரு வரிக் கடிதம்கூட ஏறாமல் செய்த பெருமை வந்து சேரும். ஐஐஎஸ்ஸிலும் இப்படி ஒரு பொறி: அதன் வரம்பை பைட்டில் எழுத வேண்டும், ஏஎஸ்பி டாட் நெட்டின் வரம்பைக் கேபியில் எழுத வேண்டும். ஒரே அமைப்புக் கோப்பில் இரண்டும் அருகருகே உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று, டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் ஓடும் சர்வர்களில் பிஎச்பிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புக் கோப்புகள் இருக்கும்: கட்டளை வரிக்கு ஒன்று, வெப் சர்வருக்கு ஒன்று. தவறான கோப்பைத் திருத்திவிட்டு ஏன் மாறவில்லை என்று கேட்பது வழக்கம். எந்தக் கோப்பு நடைமுறையில் இருக்கிறது என்று, பிஎச்பி தன் அமைப்பைத் தானே பட்டியலிடும் பிஎச்பி இன்ஃபோ பக்கம் சொல்லும். திருத்திய பின் சேவையை மறுதொடக்கம் செய்ய மறக்காதீர்கள்.

எண்களை உயர்த்திய பிறகு புதிய சிக்கல்கள் தலைகாட்டலாம். பெரிய கோப்பு போய்ச்சேர நேரமும் ஆகிறது. என்ஜின்எக்ஸ் தன் பின்னால் இருக்கும் மென்பொருளின் பதிலுக்கு இயல்பாக 60 விநாடிதான் காத்திருக்கும். அதற்குள் மென்பொருள் கோப்பைச் செரித்து முடிக்காவிட்டால் 504, அதாவது பதில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற பிழை. ஒவ்வொரு முறையும் சரியாக ஒரு நிமிடத்தில் நின்றால் சிக்கல் அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வரும் கோப்பு முதலில் ஒரு தற்காலிக ஃபோல்டரில்தான் இறங்கும். அது சிறியதாக இருந்தாலும் கதை முடிந்தது. கோப்புகளைத் தரவுத்தளத்துக்குள்ளேயே வைக்கும் மென்பொருளானால் அங்கும் ஒரு வரம்பு: மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில், கோப்புகளை அப்படியே வைப்பதற்கான சாதாரண பிளாப் வகைப் பத்தியில் 65,535 பைட்டுக்கு மேல் நிற்காது.

ஆனால் உயர்த்துவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. 212 பக்கக் காகிதம் ஏன் 174 எம்பி ஆக வேண்டும்?

ஏ4 பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அடர்த்தியில் ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508, அதாவது ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள். வண்ணத்தில் ஒரு புள்ளிக்கு மூன்று பைட். சுருக்காத நிலையில் ஒரு பக்கமே 2.6 கோடி பைட். சாம்பல் நிறத்தில் புள்ளிக்கு ஒரு பைட், 87 லட்சம். கறுப்பு வெள்ளை மட்டும் என்றால் ஒரு பைட்டுக்குள் எட்டுப் புள்ளிகள் அடங்கும். 11 லட்சத்துக்கும் குறைவு. அதையும் ஃபேக்ஸ் இயந்திரங்களுக்காக உருவான குரூப் 4 முறையில் சுருக்கினால், தட்டச்சுப் பக்கம் ஒன்று ஐம்பது கேபி அளவுக்கு வந்துவிடும். அடர்த்தியை 300இலிருந்து 600 ஆக்கினால் புள்ளிகள் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றன. "எதற்கும் இருக்கட்டும்" என்று ஸ்கேனரை 600இல் வைத்துவிடும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. வாசிக்கவும், படத்தில் உள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரிக்குக் கொடுத்துச் சொல் தேடவும் 300 போதும்.

அத்தான் அலுவலகத்து ஸ்கேனர் எல்லாவற்றையும் முழு வண்ணத்தில் எடுத்துக்கொண்டிருந்தது. முத்திரைத்தாளும் நீல மையில் போட்ட கையொப்பமும் உள்ள 19 பக்கங்களை மட்டும் வண்ணத்தில் விட்டுவிட்டு, மற்ற தட்டச்சுப் பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தோம். கட்டு 25 எம்பிக்குள் வந்துவிட்டது. வைக்கோல் அதேதான், கட்டிய விதம்தான் மாறியது.

அழுத்திக் கட்டுவதிலும் ஓர் எல்லை உண்டு. 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினியியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேனர்கள் பக்கத்தில் உள்ள எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் மூன்று அறைகளின் பரப்பளவு 14.13, 21.11, 17.42 என்று இருந்தது. ஸ்கேன் செய்த பிரதியில் மூன்றும் 14.13. காரணம், ஜேபிஐஜி2 என்ற சுருக்க முறை. ஒன்றுபோலத் தோன்றும் எழுத்துக் கட்டங்களை ஒருமுறை மட்டும் சேமித்துக்கொண்டு, மற்ற இடங்களில் அதையே திரும்ப ஒட்டும் வேலை அது. ஒட்டும்போது ஆள் மாறிவிட்டது. மங்கலாக இருந்தால் நமக்கே சந்தேகம் வரும். இதிலோ எண் தெளிவாக, அழகாக, தவறாக இருந்தது. பத்திரமும் வழக்குக் கட்டும் கையாள்பவர்கள் இதை மறக்கக் கூடாது. இழப்புடன் கூடிய ஜேபிஐஜி2 என்று அமைப்பில் கண்டால் அணைத்துவிடுங்கள். குரூப் 4 முறையில் இந்த ஆபத்து இல்லை. கறுப்பு வெள்ளையாக மாறிய படத்தின் ஒரு புள்ளியைக்கூட அது தொலைப்பதில்லை.

பல நடையாகக் கொண்டுவருவது என்றால் பிடிஎஃப்பை நீங்களே ஐந்தாக வெட்டி ஐந்து ஆவணமாக ஏற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். அவசரத்துக்கு உதவும், எனக்கு அது பிடிப்பதில்லை. ஆவண மேலாண்மை மென்பொருளின் பயனே ஓர் ஆவணம், அதன் பதிப்புகள், அதற்கு ஒரே அனுமதிப் பட்டியல் என்பதுதான். ஐந்து துண்டில் மூன்றாவதற்கு மட்டும் யாரோ புதிய பதிப்பை ஏற்றினால், ஆறு மாதம் கழித்து எது எதோடு சேரும் என்று யாருக்கும் தெரியாது.

மென்பொருளே வெட்டி ஒட்டுவது வேறு. பிரவுசரில் ஓடும் நிரல் கோப்பைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றாக அனுப்பும். சர்வர் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு கோத்து ஒரே கோப்பாக்கும். தடுப்புகளின் கண்ணில் படுவது சிறு துண்டுகள் மட்டுமே. ஆகவே 100 எம்பிக்கு மேல் விடாத காவல் சேவையின் வழியாகவும் ஒரு ஜிபி கோப்பு போய்விடும். நெக்ஸ்ட்கிளவுட் இப்படித்தான் செய்கிறது. சீட்டிஎம்எஸ் என்ற ஆவண மென்பொருளிலும் பெரிய கோப்புகளுக்கென்று இந்த வசதியை இயக்கிக்கொள்ளலாம். நடுவில் இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும் என்பது கூடுதல் லாபம். டஸ் என்ற பொது நெறிமுறை அதற்காகவே இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: துண்டின் அளவு, வழியில் உள்ள மிகத் தாழ்வான தடுப்பைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். 1 எம்பி வரம்புக்கு முன்னால் 5 எம்பி துண்டை நீட்டினால் முதல் துண்டே நின்றுவிடும்.

கடைசி வழி, எனக்கு மிகவும் பிடித்த வழி, பிரவுசர் சாலையையே விட்டுவிடுவது. பேப்பர்லெஸ் என்ஜிஎக்ஸ் என்ற மென்பொருளில் ஒரு ஃபோல்டரைக் காட்டி "இதைப் பார்த்துக்கொண்டிரு" என்று சொல்லிவிடலாம். அதில் எந்தக் கோப்பு விழுந்தாலும் தானே எடுத்துப் படித்து, எழுத்துணரியில் ஓட்டி, ஆவணமாகப் பதிந்துகொள்ளும். மயன் இடிஎம்எஸ்ஸிலும் இப்படிக் கண்காணிப்பு ஃபோல்டர் உண்டு. அலுவலக நெட்வொர்க்கில் அந்த ஃபோல்டரைப் பகிர்ந்துவிட்டால், ஸ்கேனர் எடுத்த கோப்பு நேராக அங்கே விழும். வெப் சர்வரின் வரம்பு, படிவத்தின் வரம்பு எதுவும் குறுக்கே வராது. ஒரே ஆபத்து, பெரிய கோப்பு பாதி நகலாகியிருக்கும்போதே மென்பொருள் அதை எடுத்துவிடுவது. அருகில் வேறொரு ஃபோல்டரில், அதே வன்தட்டில், முழுவதும் நகலெடுத்துவிட்டுப் பிறகு உள்ளே நகர்த்தினால் அந்தச் சிக்கல் வராது. சர்வரில் உள்ள ஃபோல்டரை இணையத்தின் வழியே நம் கணினியின் ஃபோல்டர்போலத் திறக்கும் வெப்டாவ் வழியும் நல்லதுதான், ஆனால் அதுவும் வெப் சர்வரைக் கடந்தே வருகிறது. அந்தத் தடுப்பு அதற்கும் உண்டு. மின்னஞ்சலில் அனுப்பி ஏற்றும் வசதியைப் பெரிய கோப்புக்கு நம்ப வேண்டாம். இணைப்புகள் அஞ்சலில் போகும்போது எழுத்தாக மாற்றப்பட்டு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும்.

சர்வர் உங்களுடையது இல்லை, வேறொருவரின் தளத்தில் ஏற்ற வேண்டியவர் நீங்கள் என்றால், மீதி இருப்பது கோப்பைச் சுருக்குவதும் நிர்வாகியிடம் கேட்பதும்தான். கேட்கும்போது "ஏறமாட்டேன் என்கிறது" என்று மட்டும் எழுதாமல், எந்த அளவுவரை ஏறியது, எந்த அளவில் நின்றது, திரையில் என்ன எண் வந்தது என்று எழுதுங்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்கு உடனே புரிந்துவிடும்.

அத்தான் அலுவலகத்தில் கடைசியில் ஸ்கேனரின் அமைப்பை மாற்றினோம், வரம்பை 100 எம்பி ஆக்கினோம், ஒரு கண்காணிப்பு ஃபோல்டரும் வைத்தோம். இரண்டு வாரம் அமைதி. பிறகு குமாஸ்தாவிடமிருந்து மறுபடி போன். இந்த முறை கோப்பு வெறும் ஒன்றரை எம்பி, ஆனாலும் அவருடைய விண்டோஸ் கணினியிலிருந்து அந்த ஃபோல்டருக்குள் விழ மறுக்கிறது.

பார்த்தால், கோப்பின் பெயர். வாதி பெயர், பிரதிவாதி பெயர், நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், தேதி எல்லாவற்றையும் தமிழில் ஒரே மூச்சில் எழுதியிருந்தார். விண்டோஸ் 255 குறியீடுகள் வரை பெயராக ஏற்கும். எங்கள் சர்வரில் ஓடும் லினக்ஸின் கணக்கு 255 பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் செலவாகிறது. உயிர்மெய்யின் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு. 'பாகப்பிரிவினை' நம் கணக்கில் ஏழு எழுத்து, கணினிக்கு 13 குறியீடு, லினக்ஸுக்கு 39 பைட். இப்படி ஆறு சொல் எழுதினால் பெயருக்கான இடம் ஏறத்தாழத் தீர்ந்துவிடும். விவரத்தைத் தொலைபேசியில் விளக்கினேன். வழக்கு எண்ணை மட்டும் பெயராக வைத்து, மற்றதையெல்லாம் மென்பொருளின் குறிப்புப் பெட்டியில் எழுதச் சொன்னேன்.

"பெயருக்குமா தம்பி ரேஷன்?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தார். ஐந்து நிமிடத்தில் கோப்பு ஏறிவிட்டது.